ஈச்சம்பாறையில் நான் பார்க்காத சாமி

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பழனி ரோட்டில் எந்தப் பயணமும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது திண்டுக்கல்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நான் அந்த வாரத்தில்தான் கிளம்பினேன். வீட்டில் இருக்க முடியவில்லை, அதுதான் காரணம். எங்கள் தெரு வழியாகத்தான் பாதயாத்திரைக் கூட்டம் போகும். விடியற்காலை மூன்று மணிக்கே அரோகரா சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். என் வீட்டுக்காரர் இருந்தவரை வருஷம் தவறாமல் பச்சை வேட்டி கட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்தோடு நடந்தவர். கிளம்பும் அன்றைக்கு எட்டுப் பேருக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுப்பேன். அவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. கூட நடந்தவர்கள் இந்த வருஷமும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனார்கள். கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சோறு கேட்கவில்லை. சங்கடமாக இருந்திருக்கும், பாவம்.

இந்த வலைப்பக்கத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். தமிழில் தட்டச்சு செய்ய நானாகத்தான் கற்றுக்கொண்டேன். கோயில் கோயிலாக நாங்கள் இருவரும் போய்வந்ததை எழுதிவைக்கத் தொடங்கியது இது. அவர் படம் எடுப்பார், நான் செலவு எழுதுவேன். இப்போது மாதம் ஒரு கோயில் தனியாகப் போய்வருகிறேன். அதனால் சமீபத்திய பதிவுகள் எதிலும் நான் இருக்கும் படம் இல்லை. "நீங்கள் போனதற்கு என்ன அத்தாட்சி" என்று ஒருவர் கேட்டிருந்தார். டிக்கெட் இருக்கிறது, தம்பி.

ஈச்சம்பாறை என்பது கன்னிவாடிக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் இருக்கும் பளியர் குடியிருப்பு. மலைவாசிகளான அவர்கள் இருபத்தாறு குடும்பம் அங்கே இருக்கிறார்கள். இரண்டு வருஷமாகப் பெண்கள் சேர்ந்து, வெளியிலிருந்து வருபவர்களை ஒரு பகல் முழுக்கத் தங்களோடு வைத்திருந்து, காட்டைக் காட்டிச் சோறு போட்டு அனுப்புகிறார்கள். முன்பதிவு எல்லாம் திண்டுக்கல்லில் அலுவலகம் வைத்திருக்கும் பிரபு என்ற தம்பி வழியாக. நான் இதைக் கேள்விப்பட்டது ஒரு சின்ன வீடியோவில். அதில் போய்வந்த ஒருவர், காட்டுக்குள் மூன்று கல்லாக ஒரு வனதேவதை இருப்பதாகவும் அங்கே நின்று கேட்டது கிடைக்குமென்றும் சொன்னார். அவர் அதைப் பார்த்தாரா இல்லையா என்பது வீடியோவில் இல்லை. அதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. கேட்பதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. அது என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை.

பிரபுவுக்குப் போன் செய்தபோது, "எத்தனை பேரும்மா?" என்றார்.

"ஒரு ஆளு."

"ஒரே ஆளா? சரி, பரவாயில்ல. வாங்க. இந்த மாசமே வந்துருங்கம்மா, அடுத்த மாசம் அந்த ஊரு இருக்குமா, வேற எடமான்னு பாக்கணும்."

அவர் சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை. கட்டணம் ஒருவருக்குத் தொள்ளாயிரம் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

காலை ஆறு மணிக்குப் பூ மார்க்கெட்டில் நாலு முழம் மல்லிகை வாங்கினேன். தை மாசம் என்பதால் முழம் ஐம்பது ரூபாய். தேங்காய் இரண்டு, ஒரு சீப்புப் பழம், வெற்றிலை, பாக்கு, கற்பூரம். எல்லாம் சேர்த்து முந்நூற்று இருபது. பேருந்து நிலையத்தில் கன்னிவாடி டவுன் பஸ் ஏழு நாற்பதுக்குக் கிளம்பியது. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இருபத்திரண்டு கிலோமீட்டர்தான், மற்ற நாளில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அன்றைக்கு ரெட்டியார்சத்திரம் தாண்டவே ஒரு மணி ஆனது. ரோட்டின் இடது பக்கம் முழுக்கப் பச்சையும் காவியுமாக ஜனம். காலில் துணி சுற்றிக்கொண்டு நடப்பவர்கள், தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்கள். ஓர் இடத்தில் லோடு ஆட்டோவில் மோர் வைத்துக்கொண்டு தொப்பி போட்ட பாய்மார் இருவர் வரிசையில் வருபவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஊர்ந்ததால் ஒவ்வொரு முகத்தையும் பார்க்க நேரம் இருந்தது. பார்க்காமல் இருக்கலாம் என்று பூஜைப் பையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்து சீட் கன்னிவாடிவரை காலியாகவே வந்தது.

கன்னிவாடியில் இறங்கி டீயும் பன்னும் இருபத்தைந்து. அங்கிருந்து ஆட்டோ, ஒன்பது கிலோமீட்டர், இருநூற்று ஐம்பது ரூபாய். ஆட்டோக்காரருக்கு நாற்பது வயது இருக்கும்.

"ஒத்தையாவா போறீங்க? அங்க என்னம்மா இருக்கு? பாறை இருக்கு. செத்த நேரத்துல திரும்பிருவீங்க. நிக்கவா?"

"வேணாம்ப்பா. நாலு மணிக்கு வாங்க."

"நாலு மணி வரைக்குமா? அம்புட்டு நேரம் பாறையவா பாப்பீங்க?"

"நீங்க பாத்ததில்லையா?"

"பொறந்ததுல இருந்து நான் அதைப் பாக்குறேன், அது என்னையப் பாக்குது. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கிட்டதில்ல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆனால் நாலு மணிக்குச் சரியாக வந்துவிட்டார், அதையும் சொல்ல வேண்டும்.

தார் ரோடு முடியும் இடத்தில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். ஒருத்தி ராக்கம்மா, முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் போன் வைத்திருந்தாள். இன்னொருத்தி முருகாயி, அவளைவிடக் கொஞ்சம் மூத்தவள், வாயில் எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பவள். அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. எனக்கு இருபத்தைந்து நிமிஷம் பிடித்தது. அவர்கள் பத்து நிமிஷத்தில் போவார்களாம். ஆனால் எனக்காக நிற்பதுபோலக் காட்டிக்கொள்ளவே இல்லை. எதையோ பறிப்பதுபோல, கல்லைப் பார்ப்பதுபோல நின்று நின்று வந்தார்கள்.

போனதும் நான் செய்த முதல் தவறு, "உங்க குழுவுக்குத் தலைவி யாரு?" என்று கேட்டது. அவர்கள் இருவரையும் சேர்த்து ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேரும் வெவ்வேறு பக்கம் பார்த்தார்கள். ஒருத்தி கோழியைப் பார்த்தாள்.

முருகாயிதான் கடைசியில் சொன்னாள்: "போர்டுல ராக்கம்மான்னு எழுதியிருக்காக."

"அப்ப ராக்கம்மாதானா?"

"அவகிட்டத்தானம்மா போன் இருக்கு. பிரபு சாரு யாரு பேர எழுதன்னு கேட்டாரு. போன் இருக்கவ பேர எழுதிக்கங்கன்னுட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள், ராக்கம்மாவைத் தவிர. அவர்களுக்குள் ஒருத்தர் மேல், ஒருத்தர் கீழ் என்று பேசுவதே கூச்சம் என்பது போகப்போகத்தான் எனக்குத் தெரிந்தது. கிழங்கு தோண்டும்போது "உன்னை மாதிரி யாரும் தோண்ட முடியாது" என்று ஒருத்தியைப் பாராட்டினேன். அவள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தியை மட்டும் தனியாகப் பிரித்துப் புகழாதீர்கள்.

பத்தரை மணியிலிருந்து ஒரு மணிவரை காட்டுக்குள் நடந்தோம். ஏற்றம் அதிகம் இல்லை, முழங்கால் வலி உள்ளவர்களும் போகலாம். வள்ளிக்கிழங்குக் கொடியைக் கண்டுபிடித்து, வேர் போகும் வழியே போய், இடுப்பளவு குழி தோண்டி எடுக்கிறார்கள். எடுத்தபின் கொடியின் தலைப்பகுதியைத் திரும்பவும் குழியில் வைத்து மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார்கள். அடுத்த வருஷம் வேறு யாராவது வந்து எடுத்துக்கொள்வார்களாம். யார் என்று கேட்டேன். "யாரு அங்கிட்டு வாராகளோ அவுக" என்றாள் முருகாயி.

சாப்பாடு சாமைச்சோறு, கீரைக் கடைசல், அவித்த கிழங்கு, தொட்டுக்கொள்ளத் தேன். கிழங்கை இலையில் ஏழு கூறாக வைத்தார்கள். ஏழும் ஒரே அளவு. நான் ஒரு கிழங்குகூடத் தோண்டவில்லை, எனக்கும் ஒரு கூறு. விருந்தாளி என்று எனக்கு ஒரு துண்டு கூடவும் இல்லை. எங்கள் பக்கம் விருந்தாளி இலையில் போதும் போதும் என்று கை வைத்து மறைக்கும்வரை வைப்போம். இங்கே அந்தப் பேச்சே இல்லை. முதலில் ஒரு மாதிரி இருந்தது. பிறகு யோசித்தேன். பதினான்கு மாதமாக எங்கே போனாலும் எனக்கு ஒன்று அதிகமாக வைக்கிறார்கள், பாவம் என்று. இங்கே வைக்கவில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் பூஜைப் பையைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். "சாமி இருக்கிற எடத்துக்கு எப்பப் போறோம்?" என்றேன்.

 முருகாயி, "அங்க வெளியாளுகளக் கூட்டிப் போறதில்லம்மா" என்றாள்.

"நான் சும்மா பாக்க வரல. கும்பிடத்தான்."

"தெரியுதும்மா. இருந்தாலும் இல்ல. வெலைக்கி வாங்குனது எதுவும் அந்தப் பக்கம் ஆகாது. சூடம் கொளுத்தக் கூடாது."

எனக்கு முகம் சுண்டிப்போனது. உள்ளூர் முருகன் கோயிலிலிருந்து திருச்செந்தூர்வரை கைநிறையக் கொண்டுபோய்த்தான் பழக்கம். சாமிக்கு வாங்கியதை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் ஒருத்தி தேங்காயைத் தட்டிப் பார்த்து, "நல்ல முத்தல். ராத்திரி வெஞ்சனத்துக்கு ஆகும்ல?" என்றாள். "எடுத்துக்கங்க" என்றேன். பழத்தைச் சீப்பிலிருந்து பிய்த்து ஆளுக்கொன்று. மல்லிகையையும் வாடவிடுவானேன் என்று முருகாயி பல்லால் நறுக்கிச் சமமாகப் பிரித்தாள். ஆறு பேர் வைத்துக்கொண்டார்கள். ஏழாவது துண்டை என் பின்னால் வந்து கொண்டையில் செருகினாள்.

"ஐயோ, இதெல்லாம் நான் வைக்கிறதில்லம்மா."

"ஏன், வலிக்குமா?"

கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. புருஷன் போனால் பூவும் போகும் என்ற கணக்கு அவர்களிடம் இல்லை.  வலிக்காது என்றேன்.

எல்லோரும் புளியமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தோம். ராக்கம்மா மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போனைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, பிரபு சாரு நாளைக்கி ஒங்களுக்குப் போன் போடுவாரு. என்ன கொறைன்னு கேப்பாரு. வாரவுக எல்லாரும் சாமியக் காட்டலன்னுதான் சொல்றாக. காட்டுங்க, இல்லாட்டி இந்த மாசத்தோட நிப்பாட்டிட்டு, அந்தாண்ட தோப்புல ஒரு விடுதி கட்டியிருக்காக, அங்க மாத்திருவேன்னு சொல்லிட்டாரு. அங்க எங்க ஆட்டம்னு வேற ஆளுகள ஆடவிடுவாகளாம்."

"மாத்திட்டா?"

"மறுபடி எஸ்டேட்டுதான். காப்பி பறிக்க மேல போனா மூணு மாசம் ஏறங்க முடியாது. போன தடவ போயிட்டு வந்து பாக்குறேன், சின்னவ பள்ளிக்கூடத்த விட்டுட்டா. இப்பத்தான் ரெண்டு வருசமா நான் வீட்டுல இருக்கேன். திரும்பவும் சேத்துவிட்டு அஞ்சாவது படிக்கிறா." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "வாங்க. ஒங்கள நான் கூட்டிப் போறேன்."

எனக்குச் சந்தோஷம். மறைக்க மாட்டேன். நல்ல மனசு இந்தப் பெண்ணுக்கு, அம்மன்தான் சொல்ல வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். எழுந்து புடவையை உதறிக்கொண்டேன். அந்த நேரத்தில் தேங்காய் தட்டிப் பார்த்தவள் எழுந்து போனாள். பிறகு இன்னொருத்தி. பிறகு இரண்டு பேர் சேர்ந்தாற்போல. யாரும் முகம் கடுக்கவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. விறகுக்குப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியாக முருகாயி. போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். மரத்தடியில் நாங்கள் இருவர் மட்டும்.

ராக்கம்மா முன்னால் நடந்தாள். காலையில் நடந்த பாதை இல்லை, ஓடையை ஒட்டிப் போகும் வேறு பாதை. பத்து நிமிஷம் போயிருப்போம். காலையில் துள்ளி நடந்தவள் இப்போது நடையைத் தளர்த்தினாள். ஓடையில் கால் நனைத்தாள். போனைப் பார்த்தாள். மறுபடி கால் நனைத்தாள்.

"மத்தவுகல்லாம் எங்கம்மா போனாக?" என்று கேட்டேன்.

"போயிட்டாக."

"எங்கன்னுதான் கேக்குறேன்."

"ஒங்களக் கூட்டிப் போறது வேணாம்னு போயிட்டாகம்மா."

"வேணாம்னா சொல்ல வேண்டியதுதான? சண்டை போட வேண்டியதுதான? இப்படியா வாய மூடிக்கிட்டுப் போவாக?"

"எங்கள்ல சண்டை போட மாட்டாக. ஒப்பலன்னா எந்திரிச்சுப் போயிருவாக."

"எப்ப வருவாக?"

"செல பேரு சாயந்தரமே வந்துருவாக." ஓடைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க சின்னம்மா குடும்பம் ஒரு பேச்சுல எந்திரிச்சுப் போனாக. மேல எங்கயோ குடிசை போட்டு இருக்காக. நாலு மழைக்காலம் ஆச்சு. வரல."

நான் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். எங்கள் குடும்பத்தில் சண்டை என்றால் மூன்று தெருவுக்குக் கேட்கும். நாத்தனாரும் நானும் போட்ட சண்டைகளை இங்கே எழுத ஆரம்பித்தால் பதிவு நீளும். ஆனால் சண்டை முடிந்து அதே வீட்டில் அதே அடுப்பில் காப்பி போட்டுக் குடிப்போம். சத்தமே இல்லாமல் ஒவ்வொருத்தராக எழுந்து போய், கடைசியில் ஒரு ஆள் மிச்சமாக இருக்கும் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அந்த வீட்டிலிருந்துதான் அன்று காலை கிளம்பி வந்திருந்தேன். இந்தப் பெண் தன் பிள்ளையோடு இருப்பதற்காக ஊரையே இழக்கத் துணிந்து எனக்கு முன்னால் நடந்துகொண்டிருக்கிறாள். நான் சந்தோஷமாகப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன்.

"இன்னும் எம்புட்டுத் தூரம்?"

"அந்த வளைவு தாண்டுனா வந்துரும்."

வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. ஐம்பது அடி இருக்கலாம். போகவேண்டும் என்ற ஆசை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். கால் துடித்தது.

"வேணாம், ராக்கம்மா. திரும்பு, போவோம்."

"ஏம்மா? வந்துட்டோமே."

"எனக்கு முழங்கால் வலிக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். காலையில் இரண்டரை மணி நேரம் நடந்தவள் நான். "அம்மா, நான் சொன்னது சொன்னதுதான். கூட்டிப் போறேன்" என்றாள்.

"நீ கூட்டிட்டுப் போவ. அப்பறம் நான் நாலு மணி ஆட்டோல ஏறிப் போயிருவேன். நீ யாரோட இருப்ப?"

 நான் எழுந்து நின்ற இடத்திலேயே கையைக் கூப்பிக் கண்ணை மூடினேன். சாமி எந்தத் திசையில் என்று கேட்கவில்லை. கேட்க வந்ததைக் கேட்டேன். கண்ணைத் திறந்தபோது ராக்கம்மா எனக்கு முன்னால், திரும்பி வரும் பாதையில், வேகமாக நடந்துகொண்டிருந்தாள். காலையில் நடந்த அதே நடை.

மரத்தடியில் யாரும் இல்லை. ராக்கம்மா அடுப்பு மூட்டிக் கருப்பட்டிக் காப்பி போட்டாள். இரண்டு பேரும் குடித்தோம். குடித்து முடிக்கும்போது முருகாயி துடைப்பம் கட்டும் சீமாற்றுப் புல் ஒரு கட்டோடு வந்து, ஒன்றுமே நடக்காததுபோல உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்வாளா? ராக்கம்மா அவளுக்கு ஒரு டம்ளர் ஊற்றினாள். பிறகு ஒருத்தி வந்தாள். பிறகு இரண்டு பேர். யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் கேட்கவில்லை. தேங்காய் கேட்டவள் மட்டும் நான் கிளம்பும்வரை வரவில்லை. அவள் பங்குக் காப்பியை ராக்கம்மா மூடி வைத்திருந்தாள். சாயந்தரம் வந்தாளா என்பது இதை எழுதும்வரை எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது ராக்கம்மாவிடம், "நாளைக்குப் பிரபு தம்பி கேட்டா என்ன சொல்லட்டும்?" என்றேன்.

"ஒங்களுக்கு எது தோணுதோ அதச் சொல்லுங்கம்மா" என்றாள். வேறு எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

திரும்பும்போதும் ஆட்டோ இருநூற்று ஐம்பது, பஸ் இலவசம். பூ ரெட்டியார்சத்திரம்வரை தலையில்தான் இருந்தது. ஊர் நெருங்கியதும் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இரவு ஏழே காலுக்கு வீட்டுப் பூட்டைத் திறந்தேன்.

போக நினைப்பவர்களுக்கான விவரங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொத்தச் செலவு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து. இதில் கால் லிட்டர் தேன் இருநூறு ரூபாய்க்கு வாங்கியதும் அடக்கம். பூஜைச் சாமான் முந்நூற்று இருபதை நீங்கள் மிச்சப்படுத்தலாம். கட்டணம் தொள்ளாயிரத்தில் அறுநூறு அன்றைக்கு வேலை செய்யும் பெண்களுக்கு, இருநூறு பிள்ளைகள் பள்ளிக்கூட வேனுக்கு, நூறு பிரபுவின் அலுவலகத்துக்கு. போனதுமே இதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். தைப்பூச வாரத்தைத் தவிர்த்து விடுங்கள். செருப்பைவிடக் கட்டுகிற ஷூ நல்லது. தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால் காலியானதைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், அங்கே குப்பைத்தொட்டி இல்லை. கழிப்பறை ஒன்று புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், சுத்தமாக இருக்கிறது. தனியாகப் போகும் பெண்களுக்கு எந்தப் பயமும் இல்லை. சாமி கும்பிட வேண்டும் என்பவர்கள் கன்னிவாடியிலேயே கோயிலில் கும்பிட்டுவிட்டு ஆட்டோ ஏறுங்கள். ஈச்சம்பாறையில் அதைக் கேட்காதீர்கள். கேட்டால் யாராவது ஒருத்தி, தன் பிள்ளையை நினைத்து, சரி என்று சொல்லிவிடக்கூடும்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பிரபு போன் செய்தார். நல்ல மாதிரிப் பேசும் தம்பிதான். அவருக்கும் கட்ட வேண்டிய வாடகை இருக்கும்.

"எப்படி இருந்துச்சும்மா?"

"நல்லா இருந்துச்சு தம்பி. சாப்பாடு நல்லா இருந்துச்சு, காடு நல்லா இருந்துச்சு."

"கொறைன்னு ஏதாச்சும் இருந்தா கூச்சப்படாமச் சொல்லுங்க. அந்தச் சாமி எடத்தக் காட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்ல?"

பொய் சொல்ல எனக்கு வராது. "அதப் பாக்கத்தான் தம்பி நான் போனேன்" என்றேன்.

"பாத்தீங்களா! நான் அவங்ககிட்ட இதத்தான் படிச்சுப் படிச்சுச் சொல்றேன்."

"முழுசாக் கேளுங்க. பாக்கத்தான் போனேன். பாக்கல. ஆனா அது கொறையில்ல. அவுக வீட்டு உள்ளறைய எனக்குத் தெறந்து காட்டலன்னு நான் கொறை சொல்வேனா? காட்டக்கூடாததக் காட்டாம இருக்காகளே, அதனாலதான் மத்த எல்லாத்தையும் நான் நம்பிச் சாப்பிட்டேன்."

"அப்ப கொறைன்னு ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கவா?"

"ஒண்ணு இருந்துச்சு. கூட வர ஒரு ஆளு. அதத்தான் உங்களால ஏற்பாடு பண்ண முடியாதே, தம்பி."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.  பிறகு, "சரிம்மா. மாசிக்குள்ள வர்றவங்ககிட்டயும் கேக்குறேன். அவங்களும் இப்படிச் சொன்னா அந்த ஊரையே வச்சுக்கிறேன், மாத்தல" என்றார்.

"சொல்லுவாங்க" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. போனை வைத்ததும் உட்கார்ந்து இதைத் தட்ட ஆரம்பித்துவிட்டேன்.

மாசி முடிய இன்னும் நாள் இருக்கிறது. முடிந்தால் போய்வாருங்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு உங்களுக்கும் போன் வரும், என்ன குறை என்று உங்களிடமும் கேட்பார். எனக்குக் குறைந்ததை நான் சொல்லிவிட்டேன். உங்களுக்கு அது குறையாமல் இருக்க நான் பார்க்காத அந்த வனதேவதை அம்மாவே பார்த்துக்கொள்ளட்டும்.